பல பள்ளிகளுக்கு ஒரே வேதியியல் தாள்: எல்லைப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் வேதியியல் எடுக்க வரும் புதியவர்களுக்குச் சீக்கிரமே ஒரு வேலை வந்து சேரும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்: "நாலைந்து பள்ளிக்கும் சேர்த்து மாடல் எக்ஸாம் வைக்கிறோம். கெமிஸ்ட்ரி தாளை நீங்க பார்த்துக்கிறீங்களா, டீச்சர்?" மூணாறு, குமுளி பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இதே அழைப்பு வரலாம். தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய தாள்களில் இருந்து நாற்பது மதிப்பெண்ணுக்கு வினாக்களைப் பொறுக்கி எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள் வகுப்புக்கு நீங்களே வைக்கும் தேர்வில் எதை நடத்தினீர்கள், எதை விட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வினா புரியாத பிள்ளை எழுந்து கேட்டால் சொல்லிவிடவும் முடியும். பொதுத்தாளுக்கு அந்த வசதி கிடையாது. அதில் ஒரு பள்ளியில் வாங்கிய 28-உம் இன்னொரு பள்ளியில் வாங்கிய 28-உம் ஒரே அளவு வேதியியல் அறிவைக் காட்ட வேண்டும். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு. ஒரே தாளைத் தமிழில் படித்து எழுதும் பிள்ளைகளும் மலையாளத்தில் படித்து எழுதும் பிள்ளைகளும் இருப்பார்கள். தாள் அளக்க வேண்டியது வேதியியலை மட்டும்தான். மொழியையோ, ஊரையோ, ஆசிரியரின் தாராள மனத்தையோ அது அளக்கக் கூடாது. கீழே வரும் எல்லா வேலைகளும் இதற்காகத்தான்.

வினாவுக்கு முன்னால் புளூ பிரிண்ட்

பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வேதியியல் எழுத்துத் தேர்வு 40 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். அதற்கு முன் வினாக்களைப் படித்துப் பார்க்க 15 நிமிடம் கூல் ஆஃப் டைம். சி.இ. என்னும் தொடர் மதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் தனி. மாடல் தாளையும் இதே அளவில் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பழக்கமாகும்.

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பாடங்கள், மேலே திறன்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அதற்கு எத்தனை பீரியட் செலவானது என்பதை வைத்துப் பிரிப்பதுதான் நியாயம். மோல் கருத்துக்கு 12 பீரியட், வினைதிறன் தொடருக்கு (உலோகங்களை வினைபுரியும் திறன்படி அடுக்கிய பட்டியல்) 10, உலோகத் தயாரிப்புக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 பீரியட், 40 மதிப்பெண். கணக்குப் போட்டால் 16, 13, 11 என்று வரும். இப்படிப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தால் நமக்குப் பிடித்த பாடம் தாளில் வீங்கிவிடும். சமன்பாடு பிடித்த ஆசிரியரின் தாளில் சமன்பாடாகவே இருக்கும்.

திறன்களுக்கு மூன்று பத்தி போதும்: நினைவில் இருந்து சொல்வது, புரிந்து விளக்குவது, புதிய இடத்தில் பயன்படுத்துவது. பெஞ்சமின் புளூமின் குழு 1956-இல் வெளியிட்ட ஆறு படிநிலைகளைப் பி.எட். படிப்பில் எல்லோரும் பார்த்திருப்போம். ஆறையும் ஒரு 40 மதிப்பெண் தாளில் திணிக்கத் தேவையில்லை. 12, 16, 12 என்று மூன்றாகப் பிரித்தால் சராசரி மாணவருக்கும் கை நிறையக் கிடைக்கும், ஏ பிளஸ் வாங்குபவருக்கும் யோசிக்க இடம் இருக்கும்.

கட்டம் முடிந்ததும் மற்றப் பள்ளி ஆசிரியர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். ஒரு பள்ளியில் இன்னும் நடத்தாத பாடம் உள்ளே இருந்தால் அது இந்தக் கட்டத்திலேயே தெரிய வேண்டும்.

வினா எழுதுவது

அதிக நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

ஒரு மதிப்பெண் தெரிவு வினாவில் சரியான விடையை எழுதுவது எளிது. தவறான மூன்று விடைகளை எழுதுவதில்தான் ஆசிரியரின் அனுபவம் தெரியும். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர் உண்மையிலேயே செய்யும் ஒரு பிழையில் இருந்து பிறக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 36 கிராம் நீரில் எத்தனை மோல் நீர் மூலக்கூறுகள் உள்ளன என்று கேட்கிறோம். விடை 2. தலைகீழாக வகுப்பவருக்கு 0.5 வரும். மூலக்கூறுக்குப் பதில் அணுக்களை எண்ணுபவருக்கு 6 வரும். கிராமும் மோலும் ஒன்றே என்று நினைப்பவர் 36-ஐத் தொடுவார். நான்கு விடைகளும் ஆயிற்று. தேர்வு முடிந்த பிறகு எந்த வகுப்பில் எந்தத் தவறு அதிகம் என்று பார்த்தால், அடுத்த வாரம் என்ன நடத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இதே வினாவுக்கு 2, 17, 359, 1000 என்று விடை கொடுத்திருந்தால் நமக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்ற வினாவும் அப்படித்தான். 1983-இல் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் நியூசிலாந்துப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டபோது காற்று, வெப்பம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றெல்லாம் பதில் வந்தது. நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அதே பதில்கள் வரும். அவற்றை அப்படியே தவறான விடைகளாக வைத்து, நீராவியை நான்காவதாகச் சேர்த்தால் நல்ல வினா தயார்.

அடுத்து, வேதியியல் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வது. இதில் மிகக் கண்டிப்பாக இருங்கள். வினைதிறன் தொடரில் வினா எழுதும்போது, "காப்பர் சல்ஃபேட் கரைசலில் சோடியம் போட்டால் என்ன நிகழும்?" என்று கேட்கத் தோன்றும். சோடியம் மேலே, தாமிரம் கீழே, ஆகவே தாமிரம் இடப்பெயர்ச்சி அடையும் என்று விடைக்குறிப்பும் எழுதிவிடலாம். ஆனால் சோடியம் முதலில் கரைசலில் உள்ள தண்ணீரோடுதான் வினைபுரியும். ஹைட்ரஜன் வெளியேறும், உருவாகும் காரத்தால் நீல நிறக் காப்பர் ஹைட்ராக்சைடு படியும். நன்றாகப் படித்த பிள்ளை இதை எழுதினால், அந்த விடைக்குறிப்பின்படி அவருக்குச் சுழியம். அலுமினியத்திலும் சிக்கல் உண்டு. மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலத்தால் வினை உடனே தொடங்காது. துத்தநாகத்தை வைத்துக் கேளுங்கள். நீல நிறம் மங்கும், செம்பழுப்புப் படிவு வரும், குழப்பம் இல்லை.

எண்களிலும் இதே கவனம் வேண்டும். அணு நிறைகளைத் தாளிலேயே கொடுத்துவிடுங்கள். குளோரினுக்கு ஒருவர் 35 என்றும் இன்னொருவர் 35.5 என்றும் எடுத்தால் திருத்தும்போது தகராறு வரும். வாயுவின் பருமன் கேட்கும்போது, எஸ்.டி.பி.யில் (திட்ட வெப்பநிலை, அழுத்தத்தில்) ஒரு மோல் 22.4 லிட்டர் என்று கொள்க என வினாவிலேயே எழுதுங்கள். பன்னாட்டு வேதியியல் கூட்டமைப்பு 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியபின் அதே வெப்பநிலையில் மதிப்பு 22.7 லிட்டர் ஆகிறது. வெளியே நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை அதை எழுதினால் அவர் தவறு ஒன்றும் இல்லை.

ஒரு வினாவின் விடை தெரிந்தால்தான் அடுத்த வினாவைத் தொட முடியும் என்ற சங்கிலி வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில், (ஆ) பிரிவுக்குத் தேவையான மதிப்பை அங்கேயே கொடுத்துவிடலாம்.

ஊர்ச் சூழலை வினாவில் வைக்கும்போது

பாடத்தை ஊரோடு சேர்த்துக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் பகுதியில் அதற்குப் பஞ்சமே இல்லை. வாளையாற்றில் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆகிறது. பாலக்காட்டுச் சித்தூரின் தென்னந்தோப்புகளில் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் தெளுவு என்னும் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு காரத்தன்மை கொடுத்து ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்கிறது. இல்லாவிட்டால் சர்க்கரை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது, விட்டுவைத்தால் அசிட்டிக் அமிலம் வரை போகும். ஒரே கலயத்தில் அமிலம், காரம், நொதித்தல், கரிமச் சேர்மம் என நான்கு பாடம் இருக்கிறது.

ஆனால் அதே தாளைத் தேவிகுளம் எஸ்டேட் பள்ளியிலும் எழுதுவதாக இருந்தால் யோசிக்க வேண்டும். தென்னந்தோப்பையே பார்க்காத பிள்ளைக்குக் கலயம் எப்படித் தெரியும்? தேயிலை வாடலை வைத்துக் கேட்டால் சித்தூர்ப் பிள்ளை திணறும். அதற்காக ஊரையே தாளில் இருந்து எடுத்துவிட வேண்டியதில்லை. தேவையான தகவலை வினாவின் முதல் இரண்டு வரியில் கொடுத்துவிடுங்கள். "தென்னம்பாளையில் இருந்து வடியும் இனிப்பு நீரைச் சேகரிக்கும் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பு தடவாத பானையில் உள்ள நீர் சில மணி நேரத்தில் புளித்து நுரைக்கிறது" என்று சொல்லிவிட்டு, நுரைக்குக் காரணமான வாயு எது, சுண்ணாம்பு சேர்ந்த நீரின் பி.எச். மதிப்பு எப்படி மாறும் என்று கேட்கலாம். ஊர் தெரியாவிட்டாலும் வேதியியல் தெரிந்தால் விடை எழுத முடிய வேண்டும். வினாவை ஏற்பதா தள்ளுவதா என்பதற்கு அதுதான் சோதனை.

இரண்டு மொழி, ஒரு தாள்

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. நம் பொதுத்தாளும் குறைந்தது இரண்டு மொழியில் இருக்கும். மலையாளத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசி நாள் இரவில் யாரிடமாவது கொடுத்துத் தமிழாக்கும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். தமிழ்வழிப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய அநியாயம் அதுதான். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஜூலையில் உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அங்கே சந்தேகம் வந்தால் ஆங்கிலப் பதிப்பே இறுதி என்பது விதி. வினா புரியாமல் விட்ட பிள்ளைக்கு அந்த விதியால் என்ன பயன்? தாள் அச்சாகும் முன்பே சரி பார்ப்பதுதான் ஒரே வழி.

சர்வதேச வேதியியல் ஒலிம்பியாடில் நடத்தும் நாடு வினாக்களைத் தயாரிக்கும். எல்லா நாட்டு வழிகாட்டிகளும் கூடி வினா வினாவாக விவாதிப்பார்கள். பிறகு அவரவர் மாணவருக்காக அவரவர் மொழியில் தாங்களே பெயர்ப்பார்கள். பாடம் தெரிந்தவரே மொழிபெயர்க்கிறார் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. தமிழ் வேதியியல் ஆசிரியர் தமிழில் எழுதட்டும். பிறகு அதைப் பார்க்காத இன்னொருவர் தமிழில் இருந்து மலையாளத்துக்குத் திருப்பிச் சொல்லட்டும். மூல வினாவோடு எங்கே பிசகுகிறது என்று உடனே தெரியும்.

சொற்களைப் பொறுத்தவரை, மாணவர் கையில் இருக்கும் பாடநூலில் என்ன சொல் இருக்கிறதோ அதுவே தாளிலும் வரட்டும். நமக்கு அதைவிட நல்ல சொல் தெரிந்திருந்தாலும் தேர்வு நாள் அதற்கான நாள் இல்லை.

எதிர்மறை வினாக்களைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். தமிழில் "இல்லை", "அல்ல" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், அவசரத்தில் படிக்கும் பிள்ளை அதற்குள் விடையைக் குறித்திருக்கும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அடிக்கோட்டோடு போடுங்கள்.

அச்சுப்பிரதி வந்ததும் வேதி வாய்பாடுகளை மட்டும் ஒருமுறை தனியாகப் படியுங்கள். எழுத்துரு மாறும்போது கீழெழுத்து எண்கள் மேலே ஏறிவிடும். பெரிய எழுத்து சிறிய எழுத்தாகிவிட்டால் கார்பன் மோனாக்சைடு கோபால்ட் ஆகிவிடும்.

விடைக்குறிப்பு

இதைத் தேர்வுக்கு முன்பே எழுதி முடிக்க வேண்டும். எழுதும்போதுதான் வினாவின் ஓட்டைகள் கண்ணில் படும்.

வாளையாற்றுச் சுண்ணாம்புக்கல்லையே எடுத்துக்கொள்வோம். 250 கிராம் கல்லில் 80 சதவீதம் கால்சியம் கார்பனேட். முழுவதும் சிதையும்படி சூடாக்கினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு? மூன்று மதிப்பெண். தூய கால்சியம் கார்பனேட் 200 கிராம் என்று கண்டால் 1. கால்சியம் கார்பனேட் 100 கிராமுக்கு 44 கிராம் வாயு என்ற தொடர்பை எழுதினால் 1. 88 கிராம் என்று முடித்தால் 1. சதவீதத்தை மறந்து 110 கிராம் என்று எழுதிய பிள்ளைக்கு? முதல் மதிப்பெண் மட்டும் போகும், மற்ற இரண்டும் கிடைக்க வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு முறைதான் தண்டனை. இதைக் குறிப்பில் எழுதி வைக்காவிட்டால் ஒரு பள்ளியில் 2, இன்னொன்றில் 0 என்று விழும்.

திருத்தத் தொடங்கும் முன் ஐந்தாறு விடைத்தாள்களை நகல் எடுத்து எல்லோரும் தனித்தனியே திருத்துங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்த வினாக்களைப் பேசி, குறிப்பைத் திருத்திக்கொண்டு மீதித் தாள்களைத் தொடங்கலாம். யாரும் மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை, எல்லோருக்கும் வித்தியாசம் வரும்.

முன்னோட்டம்

அமெரிக்க வேதியியல் கழகம் 1930-களில் இருந்து கல்லூரிகளுக்கான பொதுத்தேர்வுகளைத் தயாரித்து வருகிறது. பல கல்லூரி ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து தேவையைவிட அதிகமாக வினாக்களை எழுதுகிறார்கள், ஒருவர் வினாவை மற்றவர் பிரித்து மேய்கிறார்கள். அதன்பின் உண்மையான வகுப்புகளில் முன்னோட்டத் தேர்வு வைத்து, அதில் தேறிய வினாக்களைக் கொண்டுதான் இறுதித் தாள் அமைகிறது.

நமக்கு அவ்வளவு வசதி கிடையாது. ஆனாலும் 40 மதிப்பெண்ணுக்குத் தேவையானதைவிட ஒன்றரை மடங்கு வினா எழுதி, சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலரிடம் கொடுத்துப் பார்க்கலாம். தம்பி தங்கை பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் வேண்டாம். தாள்களைக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். வினாவை உரக்கப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று சொல்லச் சொன்னாலே பாதிக் குறைகள் வெளிவரும். நேரக் கணக்கும் இதில் தெரியும். நீங்கள் அரை மணி நேரத்தில் எழுதி முடிக்கும் தாள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு.

தேர்வு முடிந்த பிறகு

மதிப்பெண் பட்டியல் போட்டதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாள் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மொத்த மதிப்பெண்படி விடைத்தாள்களை அடுக்குங்கள். மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் தனியே எடுங்கள். ட்ரூமன் கெல்லி 1939-இல் காட்டிய அளவு இது. 60 பேர் எழுதியிருந்தால் மேலே 16, கீழே 16. ஒரு வினாவை மேல் குழுவில் 14 பேரும் கீழ்க் குழுவில் 6 பேரும் சரியாக எழுதினால், 32-இல் 20 பேர், எளிமை அளவு 0.63. நன்றாகப் படிப்பவரையும் மற்றவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதுதான் பிரித்தறியும் அளவு: 14-இல் 6 போக 8, அதை 16-ஆல் வகுத்தால் 0.5. பொதுவாக 0.4-க்கு மேல் இருந்தால் மிக நல்ல வினா, 0.2-க்குக் கீழே போனால் திருத்த வேண்டும் அல்லது தூக்கிவிட வேண்டும்.

சில வினாக்களுக்கு இந்த எண் சுழியத்துக்குக் கீழே போகும். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, படிக்காதவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே விடைக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் தவறாக இருக்கும், அல்லது மேலே சொன்ன சோடியம் போன்ற வினாவாக இருக்கும். அப்படிப்பட்ட வினாவின் மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அதை வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு கணக்கையும் கட்டாயம் போடுங்கள். மொத்தத்தில் 20 முதல் 25 வரை வாங்கிய தமிழ்வழிப் பிள்ளைகளையும் அதே அளவு வாங்கிய மலையாளவழிப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு, வினா வினாவாக ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்கள். அப்படியும் 7-ஆவது வினாவில் மட்டும் தமிழ்ப் பக்கம் சரிந்திருந்தால், பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அந்த வினாவின் தமிழ் வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். இரு பள்ளிகளுக்கு இடையேயும் இதே ஒப்பீட்டைச் செய்யலாம். அங்கே சரிவு தெரிந்தால் பாடம் நடத்தாமல் விட்டிருக்கலாம், அல்லது கலயம் தெரியாத கதையாகவும் இருக்கலாம். ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஓரிருவர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

கடைசியாக வினா வங்கி. ஒவ்வொரு வினாவையும் ஒரு அட்டையிலோ கணினியில் ஒரு வரிசையிலோ போட்டு, பாடம், திறன், இரண்டு அளவுகள், இரு மொழி வாக்கியம், வந்த ஆண்டு எல்லாம் எழுதி வையுங்கள். நன்றாக வேலை செய்த வினாக்களில் ஐந்தாறை வெளியே விடாமல் வைத்து, அடுத்த ஆண்டுத் தாளிலும் அப்படியே சேருங்கள். அதற்கு வினாத்தாளைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு வேண்டும், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நம் மாநிலத்தில் 90 சதவீதமும் அதற்கு மேலும் வாங்கினால் ஏ பிளஸ் என்பது நிலையான கோடு. தாள் கடினமான ஆண்டிலும் எளிதான ஆண்டிலும் அந்தக் கோடு நகராது. இந்த ஆண்டு ஏ பிளஸ் குறைந்தால் பிள்ளைகள் பின்தங்கினார்களா, தாள் கடினமா என்ற கேள்வி பெற்றோர் ஆசிரியர் கழகக் (பி.டி.ஏ.) கூட்டத்தில் நிச்சயம் வரும். இரண்டு ஆண்டிலும் வந்த அந்த ஐந்தாறு வினாக்களில் இரண்டு வகுப்புகளும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டிப் பதில் சொல்லலாம்.